பார்க்காத பக்கம்

கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டுவிட்டால் பதிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பது கல்யாணத் தரகர்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்த விஷயம். மாப்பிள்ளையின் அப்பா கேசரித் தட்டை வழித்துக்கொண்டிருக்கும்போதுதான் "அப்புறம், தட்டு மாத்திக்கலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். அவர் பெண்ணின் சித்தப்பாவை முறைத்துக்கொண்டிருக்கும்போது யாரும் கேட்பதில்லை. தரகர் கண்ணால் பார்த்துச் செய்ததை 'நிதானம்' என்ற மெஷின் கேமராவால் பார்த்துச் செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இது ஹேமலதாவுக்குத் தோன்றியதெல்லாம் பின்னால். வேலையில் சேர்ந்தபோது தோன்றவில்லை.

கோயமுத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் நான்காம் மாடியில் அவளுடைய அறை இருந்தது. அதற்கு 'அமைதி அறை' என்று பெயர். விபத்தில் மூளை செத்துப்போய், கருவி ஊதுகிற மூச்சில் நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறவர்களின் குடும்பத்தாரை அங்கேதான் கூட்டிவருவார்கள். உறுப்புகளைத் தானம் தருகிறீர்களா, உடலை முழுதாக வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று அவர்களிடம் கேட்க வேண்டும். முன்பெல்லாம் இதை ஒரு மனுஷி வாயால் கேட்டாள். கேட்கிறவளும் அழுவாள், பதில் சொல்கிறவர்களும் அழுவார்கள், பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அதன்பிறகுதான் 'நிதானம்' வந்தது.

ஒரு திரை, அதன் நெற்றியில் ஒரு கேமரா. திரையின் இடது பக்கம் இறந்தவரின் படம், கீழே 'வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்' என்று எழுதியிருக்கும். வலது பக்கம் உறுப்புக்காகக் காத்திருப்பவர்களின் முகங்கள், கீழே 'கொடுத்துவிட்டுப் போகிறோம்'. உட்கார்ந்திருப்பவரின் கண் இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வரும். மனம் ஒரு முடிவுக்குக் கனிந்துவிட்டது என்று கண்ணசைவில் தெரிந்ததும், ஒரு மெல்லிய குரல் "இப்போது உங்கள் முடிவு என்ன?" என்று கேட்கும். துக்கத்தில் இருப்பவர்களை நச்சரிக்காமல், அவர்கள் தயாரான நொடியில் கேட்கிறோம் என்றுதான் ஹேமலதாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? 'நிதானம்' வந்த பிறகு சம்மதிப்பவர்கள் இரண்டு மடங்கானார்கள். அப்படி யாரோ சம்மதித்துக் கொடுத்த ஈரலில்தான் அவளுடைய தம்பி நிரஞ்சன் உயிரோடு இருந்தான். கண்ணெல்லாம் மஞ்சள் பூத்துக் கட்டிலோடு கிடந்தவன், இப்போது தோசை முறுகலாக இல்லை என்று சண்டை பிடிக்கிறான். அதற்குக் கைம்மாறாகத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

துளசிமணி வந்தது ஒரு புதன்கிழமை மதியம். காங்கேயத்துப் பக்கத்துக்காரி, ஐம்பதை நெருங்குகிறவள், கணவன் இல்லை. மகன் தர்னீஷ் சிநேகிதன் கல்யாணத்துக்கு வண்டியில் போனவன், பாலத்துச் சுவரில் மோதி, இரண்டு நாளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். கூடவே அவளுடைய தம்பி சென்னியப்பன் வந்திருந்தான். அவள் கையில் மருத்துவமனைக்காரர்கள் கொடுத்த பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே பச்சை நிறச் சட்டை ஒன்று, கத்தரியால் வெட்டிக் கழற்றியது, மடிப்புக்கூடக் கலையாத புதுசு.

"அக்கா வாயே தெறக்க மாட்டீங்குதுங். எப்புடிச் செய்யோணுமோ நீங்களே பாத்துச் செய்யுங்" என்றான் சென்னியப்பன்.

"முடிவு அவங்கதான் சொல்லணுங்க. நான் அவசரப்படுத்த மாட்டேன்" என்று சொல்லி ஹேமலதா திரையைப் போட்டாள்.

இடது பக்கம் தர்னீஷ் வந்தான். மாரியம்மன் திருவிழாவில் எடுத்த படம், முகமெல்லாம் மஞ்சள் தண்ணீர், சிரிப்பில் ஒரு பல் லேசாக முனை உடைந்திருந்தது. துளசிமணியின் கண் ஒரே ஒரு தடவை அங்கே போனது. சூடு பட்டதுபோலத் திரும்பிவிட்டது. அதன்பிறகு வலது பக்கம்தான். அங்கே இருந்த முகங்களில் ரெட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண்ணின் மேலேயே நின்றது. கரூரில் ஈரலுக்காகக் காத்திருந்த தன்ஷிகா அவள். ஹேமலதா தண்ணீர் டம்ளரை நீட்டக்கூட நேரம் இல்லை, குரல் வந்துவிட்டது.

"இப்போது உங்கள் முடிவு என்ன அம்மா?"

"செரிங்" என்றாள் துளசிமணி.

அக்காவும் தம்பியும் கையெழுத்துப் போட்டார்கள். 'தயக்கம் மிகக் குறைவு' என்று திரை ஓரத்தில் எழுத்து வந்தது. இந்த அறையில் அப்படியொரு வரியை ஹேமலதா அதுவரை பார்த்ததில்லை. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டாள். தகவல் பறந்தது. பல ஊர்களிலிருந்து நோயாளிகள் புறப்பட்டார்கள். சாயங்காலம் அறுவை சிகிச்சை என்று முடிவானது.

டீ வாங்கிக் கொடுக்கலாம் என்று தேடிக்கொண்டு போனபோது, துளசிமணி தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகன்.

"உள்ள போய்ப் பாருங்கம்மா. இப்ப விடுவாங்க."

"வேண்டாமுங் அம்மிணி."

"கடைசியா ஒரு தடவை..."

"என்ற கண்ணுதானுங் பட்டுப்போச்சு." துளசிமணி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அன்னிக்குக் காத்தால இந்தச் சட்டையப் போட்டுட்டு வந்து வாசல்ல நின்னானுங். ராசாவாட்ட இருக்கறானேன்னு வாய் விட்டுச் சொல்லிப்போட்டேன். உப்பு மொளகா சுத்திப் போடோணும்னு நெனச்சனுங். அடுப்புல பாலு பொங்குச்சு. அத எறக்கி வெச்சுட்டு வாறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். பெத்தவ கண்ணுதானுங் மொதல்ல படும். அதுக்குப் பயந்துக்கிட்டு அவன் சோறு திங்கறப்பக்கூட நான் நேராப் பாத்ததில்லீங். பாத்த ஒரே நாளு அது."

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். ஹேமலதாவின் அம்மாவும் சொல்லியிருக்கிறாள். அதை வைத்து அம்மாவை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்த டிவியில அவரு படம் இருந்துச்சே, அதையும்..."

"பாக்கலீங். மூச்சு இன்னும் ஓடுதுல்லங். நாம்பாத்து அதுவும் நின்னுபோச்சுன்னா?"

ஹேமலதா இன்னும் கிட்ட வந்தாள். "அம்மா, நீங்க சரின்னு சொன்னீங்களே. எதுக்குச் சரின்னு சொன்னீங்க?"

துளசிமணி யோசித்தாள். "அந்தப் புள்ள சடையப் பாத்துட்டு இருந்தனுங். யாரோ கேட்டாங்க. வாய் சொல்லிப்போட்டுது. நாஞ்சொன்னனான்னு தெரியலீங்" என்றாள்.

'நிதானத்தை' வடிவமைத்தவர்களில் ஒருவன் பென்னட். அதே மாடியின் கோடியில் அவனுக்கு ஓர் அறை, ஹேமலதாவுக்கு நல்ல நண்பன். அவள் போய் நின்றதும் நாற்காலியை நகர்த்திப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. கேள்வி எப்ப வருது?"

"முடிவு கனிஞ்சதும்."

"பென்னட்."

அவன் பேனாவை மூடி வைத்தான். "உனக்குத் தெரியாதுன்னு நான் நெனைக்கல ஹேமா. இத்தனை பேரைப் பக்கத்துல இருந்து பாத்திருக்கே. வலது பக்கம் கண்ணு இருக்கறப்பதான் கேள்வி வருது. எப்பவுமே. கொஞ்ச நேரம் அங்க தங்கினதும் கேக்கும். இடது பக்கம் இருக்கறப்ப கேக்காது, காத்துக்கிட்டு இருக்கும்."

"அதனால என்ன ஆகுது?"

"மனுசன் முடிவெடுத்துட்டு அந்தப் பக்கம் பாக்கறான்னு நாம நெனைக்கறோம். பாதி நேரம் தலைகீழ். எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்கானோ, அப்பக் கேட்டா அதையே முடிவுன்னு சொல்லிடறான். நல்லது கெட்டது, தர்மம் நியாயம், எல்லாத்துலயும் இப்படித்தான். ரொம்ப உறுதியா இருக்கறவங்க மாற மாட்டாங்க. ரெண்டு மனசா இருக்கறவங்கதான் சாய்வாங்க. நாங்க யாருக்கும் பொய் சொல்லல, பயமுறுத்தல. கேக்கற நேரத்தை மட்டும்தான் தேர்ந்தெடுக்கறோம்."

"அந்தம்மா ரெண்டு மனசாக்கூட இல்ல. பிள்ளை படத்தைப் பார்க்கவே இல்ல. பார்த்தா அவன் செத்துருவான்னு பயம். உன் மெஷின் அதைத் தயக்கமே இல்லைன்னு எடுத்துக்கிச்சு."

பென்னட் பேனாவைத் திறந்து எதையோ குறித்துக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் ஹேமலதாவுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"இது எங்களுக்குத் தோணவே இல்ல" என்றான். "பிடிச்சதைத்தான் கண்ணு தேடிப் போகும்னு வெச்சிருந்தோம். சரி, இப்ப என்ன பண்ணலாங்கற?"

"திரும்பக் கேக்கணும். மெஷின் இல்லாம."

"இல்லைன்னு சொல்லிட்டா? கரூர்ல இருந்து அந்தப் புள்ளையை ஏத்திக்கிட்டு வண்டி வந்துட்டு இருக்கு. அவளுக்கு அடுத்த ஈரல் எப்பக் கிடைக்கும்னு யாருக்கும் தெரியாது. இன்னும் நாலு பேரு இருக்காங்க. ஒரு வார்த்தை பேசாம இருந்தா அஞ்சு பேரும் பொழைப்பாங்க. பையன் எப்படியும் திரும்பி வரப் போறதில்ல." குரலைத் தாழ்த்தினான். "உன் தம்பிக்குக் கொடுத்தாங்களே, அவங்களும் இதே நாற்காலியிலதான் உட்கார்ந்தாங்க. அவங்ககிட்டயும் போய்த் திரும்பக் கேப்பியா?"

நிரஞ்சன் வாயெல்லாம் சட்னியோடு சிரிப்பது அவள் கண்முன் வந்தது. அந்தச் சிரிப்புக்கு அடியில் எவளோ ஒருத்தியின் வாய் சொல்லிய 'சரி' கிடக்கிறது. அது அவள் சொன்னதா இல்லையா? இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்குத்தான் தான் இத்தனை நாளும் மெஷினைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது ஹேமலதாவுக்கு அப்போது புரிந்தது. தானும் ஒரு பக்கத்தைப் பார்க்காமலேதான் இருந்திருக்கிறாள். அவள் வெளியே வந்தாள்.

துளசிமணி அதே இடத்தில் நின்றிருந்தாள். ஹேமலதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒரு வழியும் இல்லை.

"அம்மா, தர்னீஷ் போயிட்டாருங்க. அந்த மூச்சு அவரோடது இல்ல, மெஷின் விடறது. டாக்டர் சொன்னது உங்க காதுல ஏறலைன்னு நெனைக்கறேன். இனி உங்க கண்ணு அவருக்குப் படாது. யாரு கண்ணும் படாது. பயப்படாமப் பாருங்க."

துளசிமணி அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். சென்னியப்பன் ஓடிவந்து "அக்கா, அக்கா" என்று தாங்கினான். வெகுநேரம் கழித்து அவளே எழுந்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், உள்ளே நடந்தாள்.

கட்டிலருகே நின்று மகனைப் பார்த்தாள். நெற்றிக் கட்டைப் பார்த்தாள், காதோர மச்சத்தைப் பார்த்தாள். போர்வையை விலக்கிக் கால்விரல்களைப் பார்த்தாள். பச்சைக் குழந்தையாக இருந்தபோது பார்த்த விரல்கள் அவை. அதற்கப்புறம் இத்தனை வருஷமாக மிச்சம் பிடித்து வைத்திருந்த பார்வை முழுவதையும் அவள் பார்த்தாள்.

ஹேமலதா வாசலில் நின்றாள். கேட்க வேண்டும். எப்போது கேட்பது? அவள் மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் 'கொண்டுபோகிறேன்' என்பாள். ஜன்னலுக்கு வெளியே போர்டிகோவில் வந்து நிற்கிற ஆம்புலன்ஸ்களைப் பார்க்கும்போது கேட்டால் 'கொடுத்துவிடுங்கள்' என்றாலும் என்பாள். மெஷினை அணைத்தாயிற்று, ஆனால் நேரத்தை அணைக்க முடியவில்லை. எந்த நொடியில் கேட்டாலும் அந்தக் கண் எங்கேயாவது இருக்கத்தான் போகிறது. இத்தனை நாளும் கையால் தொடாத பாவத்தை இப்போது கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியில் அவள் கேட்கவே இல்லை.

துளசிமணிதான் பேசினாள். திரும்பாமலே பேசினாள்.

"ஊட்டுக்குக் கொண்டுபோறனுங் அம்மிணி. அந்தப் புள்ளைக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங். ஆனா நான் இப்பத்தானுங் இவனப் பாக்கவே ஆரம்பிச்சிருக்கறேன்."

கரூரிலிருந்து வந்த வண்டி பல்லடம் தாண்டியதும் திருப்பி அனுப்பப்பட்டது. ஹேமலதாவை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்னால் யாரும் மனம் மாறலாம் என்று சட்டமே இருக்கிறது. நிர்வாகத்தார் அவளை அமைதி அறையிலிருந்து, வருகிறவர்களுக்கு வழி சொல்லும் விசாரணை மேசைக்கு மாற்றினார்கள். தன்ஷிகா ஆடி மாதம் பிறப்பதற்குள் இறந்துபோனாள். செய்தி கேட்ட அன்று ஹேமலதா கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள். செய்தது சரி என்று ஒரு நாள் தோன்றும். கொலைகாரி என்று மறுநாள் தோன்றும்.

சில வாரம் கழித்துப் பென்னட் அவளை கேன்டீனுக்கு அழைத்தான். தட்டில் இரண்டு வடை, பக்கத்தில் அவனுடைய போன். உற்சாகமாக இருந்தான்.

"உன்னாலதான் ஹேமா. மெஷினைத் திருத்திட்டோம். ஒரு பக்கத்தை ஒருத்தர் பாக்கவே இல்லைன்னா, பிடிக்காததாலயா, பயத்தாலயான்னு இப்ப அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியும். பயம்னா கேள்வி கேக்காது. முதல்ல ஒரு வார்த்தை சொல்லும்."

"என்ன வார்த்தை?"

"'இனி உங்க கண்ணு அவருக்குப் படாது, பயப்படாமப் பாருங்க.' அன்னிக்கு நீ சொன்னது. வராந்தாக் கேமராவுல பதிவாகியிருந்துச்சு. அதைச் சொன்னதும் அம்மாக்கள் பாக்கறாங்க, நல்லா அழறாங்க, மனசு லேசாகுது. அப்புறம் தானா வலது பக்கம் திரும்பறாங்க. அப்பக் கேக்கறோம். முன்னைவிட நல்லா வேலை செய்யுது. ஆனா குரல்தான் சரியா அமையல. உன் குரல்லயே பதிவு பண்ணணும்."

அவளுக்கு வடையை எறிந்துவிட்டு எழுந்து போக வேண்டும்போல இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போன் திரையில் கண் பட்டது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றின் படம். மாலைக்கு நடுவில் ரெட்டைச் சடை. பார்க்கக்கூடாது என்று நினைத்து மேசையைப் பார்த்தாள், சாம்பார் வாளியைப் பார்த்தாள். கண் திரும்பவும் அங்கேயே வந்தது. பென்னட் அவசரமே இல்லாமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"குரல் கொடுப்பியா ஹேமா?"

"சரி" என்றாள்.

பேருந்து காந்திபுரம் தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் போன் திரை அணையவே இல்லை. பேசிக்கொண்டே இடது கை விரலால் அவன் அதை அவ்வப்போது தொட்டுக்கொண்டிருந்தான். அவள் கண் வேறெங்கோ இருந்தவரை கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து தம்பிக்குத் தட்டு வைத்தாள். தோசை இன்றைக்கு முறுகலாக வந்திருந்தது. நிரஞ்சன் உட்கார்ந்து வேகவேகமாகச் சாப்பிட்டான். அவள் போனைக் கையில் எடுத்து, பென்னட்டுக்கு 'வேண்டாம்' என்று எழுதினாள். அனுப்பவில்லை. எதிரே தம்பி உயிரோடு உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தான். அழித்தாள். துளசிமணி கட்டிலருகே நின்றது ஞாபகம் வந்தது, மறுபடியும் எழுதினாள். எந்தப் பக்கமும் பார்க்காமல் ஒரு முடிவு எடுக்க முடியுமா என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடின கண்ணுக்குள்ளும் யாராவது ஒருவர் வந்து நின்றார்கள்.

"என்னக்கா, கொஞ்ச நாளாவே என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கறே?" என்றான் நிரஞ்சன். "என் மேல ஏதாவது கோவமா?"

ஹேமலதா போனைக் கவிழ்த்து வைத்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தோசையை எடுத்துப் போட்டாள்.

"பேசாமச் சாப்பிடு" என்றாள். "கண்ணு பட்டுடும்."